மிதிக்க வருகிறவர்கள் எதற்காக வருகிறார்கள்

புதுச்சேரி
ஞாயிறு காலை

அன்புள்ள சேகருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள் என்பதை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். இங்கே அனைவரும் நலம். மழை விட்டு, தெருவில் தண்ணீரும் வடிந்துவிட்டது.

முதல் வகை நீரிழிவு (உடம்பில் இன்சுலின் சுரக்காமல், தினமும் ஊசியாகப் போட வேண்டியது) உள்ள பிள்ளைகளுக்காக, கடலூர் சில்வர் பீச்சிலிருந்து இங்கே காந்தி சிலை வரை வந்து திரும்பும் சைக்கிள் பயணம் நடத்தப் போகிறாய் என்பதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி. "காசு கொடுக்க நினைக்கிறவன் வீட்டிலிருந்தே கொடுக்கலாமே, ஏன் 50 கிலோமீட்டர் மிதிக்கணும்?" என்று உன் மைத்துனர் கேட்டாராமே. நியாயமான கேள்விதான்.

ஆகஸ்டு கடைசியில் உங்கள் ஊர் வழியாகத்தானே காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறார்கள். பஸ்ஸில் போனால் மாதா கோபித்துக்கொள்ளப் போவதில்லை. ஆனாலும் நடக்கிறார்கள். வீட்டில் ஒருவருக்கு உடம்புக்கு முடியாமல் போனபோது நேர்ந்துகொண்டது அது. மருந்து கொடுப்பது மருத்துவர் வேலை, பக்கத்தில் நிற்கிற நமக்குச் செய்ய ஒன்றும் இல்லையே என்ற தவிப்புக்கு உடம்பைக் கொஞ்சம் வருத்திக்கொள்வதுதான் வழி என்று மனசு சொல்கிறது. மருத்துவ உதவிக்கான சைக்கிள் பயணங்களில் சேர்கிறவர்களிடமும் இந்தத் தவிப்பைத்தான் அதிகம் பார்க்கிறேன். ஒலிவோலா, ஷஃபிர் என்ற இரு ஆய்வாளர்கள் 2013-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். விருந்து, பிக்னிக் போன்ற சுகமான நிகழ்ச்சிக்குக் கொடுப்பதைவிட, ஓட்டம் போல உடல் வருந்தும் நிகழ்ச்சிக்கு மக்கள் கூடுதலாகக் கொடுக்க முன்வருகிறார்கள் என்பது அதன் முடிவு. மைத்துனரிடம் இதைச் சொல்.

அமெரிக்காவில் பான்-மாஸ் சேலஞ்ச் என்ற பயணத்தை பில்லி ஸ்டார் என்பவர் 1980-இல் தொடங்கினார். அவருடைய தாயார் தோல் புற்றுநோயில் இறந்தவர். முதல் ஆண்டு வந்தவர்கள் 36 பேர், சேர்ந்த தொகை 10,200 டாலர். அது டானா-ஃபார்பர் புற்றுநோய் நிலையத்துக்குப் போனது. இன்று வரை அந்தப் பயணம் நிற்கவில்லை. ஒரு வீட்டின் இழப்பில் தொடங்கியது என்பதை நினைவில் வை.

அதனால் பொதுவாக ஒரு நோட்டீஸ் அடித்து ஒட்டிவிட்டுக் காத்திருக்காதே. பேர் சொல்லிக் கூப்பிடு. நோயைப் பற்றிய புள்ளிவிவரத்துக்காக யாரும் விடியற்காலை எழுந்து வருவதில்லை, தெரிந்த ஒருவர் கூப்பிட்டால் வருகிறார்கள். கேட்கும்போது பணம் எதற்கு என்பதையும் கையோடு சொல். இன்சுலின் பெரும்பாலும் அரசு மருத்துவமனையில் கிடைத்துவிடும், சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப்தான் வீட்டுச் செலவு. ஒன்று 20 ரூபாய் என்று வைத்தாலும், நாளைக்கு 4 முறை பார்த்தால் மாதம் 2,400 ரூபாய். "ஒரு பிள்ளைக்கு ஒரு மாத ஸ்ட்ரிப்" என்று கேட்டால் கொடுப்பவருக்கும் புரியும், கேட்பவருக்கும் கூச்சம் இருக்காது.

பணத்தை உன் சொந்த ஜிபேயில் வாங்கவே வாங்காதே. பதிவு பெற்ற அறக்கட்டளையின் வங்கிக் கணக்குக்கு நேராகப் போகட்டும். 80ஜி, அதாவது நன்கொடைக்கான வருமான வரிச் சலுகை, கேட்பவர்களிடம் இரண்டு விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிடு: 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை இல்லை, புதிய வரி முறையைத் தேர்ந்தவர்களுக்கும் இல்லை. டி-சர்ட்டும் பதக்கமும் நன்கொடையைத் தின்றுவிடும். பங்கேற்புக் கட்டணத்தில் அடங்குகிற செலவை மட்டும் செய். வந்தவர் அடுத்த ஆண்டும் வருவாரா என்பது கால்வலியில் இல்லை, கணக்கு கைக்கு வந்ததா என்பதில்தான் இருக்கிறது.

இன்னொரு கூட்டமும் வரும், அந்த நோய் உள்ளவர்களே. "என்னாலும் முடியும்" என்று ஊருக்கும் தன் வீட்டுக்கும் காட்ட வருவார்கள். முழுக்க முதல் வகை நீரிழிவு உள்ளவர்களே ஓட்டுகிற டீம் நோவோ நோர்டிஸ்க் என்ற தொழில்முறை சைக்கிள் அணியே இருக்கிறது. நடத்துகிறவர்கள் அதிகமாகக் கோட்டை விடுவது இவர்கள் விஷயத்தில்தான். மிதிக்க மிதிக்கச் சர்க்கரை இறங்கும். கிளம்பும்போது சர்க்கரை அளவு 126 முதல் 180 வரை (மி.கி./டெசிலிட்டர்) இருப்பது நல்லது. இன்சுலின் அளவை எவ்வளவு குறைப்பது என்பதை அவரவர் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். தொடையில் ஊசி போட்டுக்கொண்டு உடனே மிதித்தால் மருந்து வேகமாக ஏறிவிடும், வயிற்றில் போடுவதே மேல். 70-க்குக் கீழே இறங்கினால் வண்டியை நிறுத்தி 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. ஓஆர்எஸ் கொடுத்தால் போதும் என்று தொண்டர்கள் நினைத்துவிடுவார்கள். ஒரு லிட்டர் ஓஆர்எஸ்ஸில் இருப்பதே 13.5 கிராம் குளுக்கோஸ்தான், ஒரு டம்ளரில் 3 கிராம்கூடத் தேறாது. ஆகவே ஒவ்வொரு நிறுத்தத்திலும் குளுக்கோஸ் பொடி தனியாக இருக்கட்டும். அன்று இரவு தூக்கத்திலும் சர்க்கரை இறங்கலாம், வீட்டாருக்குச் சொல்லி அனுப்பு.

தேதி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. உலக நீரிழிவு நாள் என்று நவம்பர் 14-ஐப் பிடித்துக்கொள்ளாதே. நம் கரைக்கு அது நட்ட நடு மழைக்காலம். ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30-இல்தான் இங்கே கரையேறியது. பிப்ரவரி சரி. அப்போது வாடைக்காற்று கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் வரும்போது எதிர்க்காற்று, களைத்துத் திரும்பும்போது பின்காற்று. உன் பக்கமிருந்து தொடங்குவதில் அது ஒரு வசதி.

காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் இருட்டாகத்தான் இருக்கும், பின்விளக்கு இல்லாத வண்டியைச் சேர்க்காதே. எல்லையில் இருக்கும் முள்ளோடை தாண்டினால் புதுச்சேரி, வேறு நிர்வாகம். கடலூர் காவல்துறையில் மட்டும் அனுமதி வாங்கினால் போதாது, புதுச்சேரி போக்குவரத்துக் காவலிலும் வாங்க வேண்டும். பிள்ளையார்குப்பம், கிருமாம்பாக்கம் இரண்டிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் சாலையோரமே இருப்பதால் நடு நிறுத்தத்தை அங்கே வை. சுண்ணாம்பாற்றுப் பாலத்தில் ஒற்றை வரிசை. கடற்கரைச் சாலையில் அந்நேரம் நடப்பவர் கூட்டம், இறங்கித் தள்ளிக்கொண்டுதான் வர வேண்டும்.

புதிதாக வருகிறவர்களுக்குப் பாதி வழியிலேயே முழங்கால் பிடித்துக்கொள்ளும். முட்டியின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வு, பின்பக்கம் வலித்தால் உயரம். குதிகாலைப் பெடலில் வைத்து அடியில் கொண்டுபோகும்போது கால் நேராக நீள வேண்டும், அதுதான் அளவு. டயரில் காற்று, பக்கவாட்டில் அச்சிட்டிருக்கிற எல்லைக்குள். காற்று குறைந்த டயர் பள்ளத்தில் இறங்கினால் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் நசுங்கி, பாம்பு கடித்தது போல இரண்டு ஓட்டை விழும். முந்தைய ஞாயிறே வண்டிகளைப் பார்த்துவிட்டால் சாலையில் பாதி வேலை குறையும்.

எத்தனை பேர் சேருகிறார்கள், அவர்களில் இன்சுலின் போடுகிறவர்கள் எத்தனை பேர் என்று முதலில் எழுது. அரியாங்குப்பத்திலிருந்து காந்தி சிலை வரைக்கும் தொண்டர்களை நிறுத்துவதும், இந்தப் பக்க அனுமதிக்கு அலைவதும் என் பொறுப்பு.

அன்புடன்,
ரவி