பிராக் நகரத்து டிராம் பெரியவருக்கு ஒரு நன்றி

பெயர் கேட்காமல் விட்டுவிட்டோம், அதனால் 22-ஆம் எண் டிராமில் வந்த பெரியவர் என்றே சொல்கிறேன். அம்மாவுக்கு மூட்டுவலி. நாங்களோ ஆற்றங்கரைப் பக்கம் இறங்கி, படியேறிக் கோட்டைக்குப் போகக் கிளம்பியிருந்தோம். அவர் அம்மாவின் கைத்தடியைப் பார்த்தார். "இறங்காதீர்கள்" என்று கையாலேயே சொல்லிவிட்டு, ஒரு ரசீதின் பின்பக்கம் வழியை வரைந்து கொடுத்தார்: போஹொர்ஷெலெட்ஸ் வரை டிராமிலேயே போங்கள், அப்புறம் எல்லாம் இறக்கம்தான்.

அப்படியே செய்தோம். ஸ்ட்ராஹோவ் மடத்தின் பக்கத்திலிருந்து முழு நகரமும் தெரிந்தது. பிறகு கோட்டை, 1344-இல் தொடங்கி 1929-இல்தான் கட்டி முடித்த புனித விட்டஸ் பேராலயம்.

அவர் வரைபடத்தில் இரண்டு கோடு போட்டுக் காட்டியிருந்தது நெருதோவா தெருவை. 1770-இல் வீட்டு எண்கள் வரும்வரை அங்கே சின்னங்கள்தான் முகவரி. ஒரு வாசலுக்கு மேல் இரண்டு சூரியன், இன்னொன்றில் மூன்று வயலின். வயலின் செய்தவர்கள் குடியிருந்த வீடாம். அம்மா ஒவ்வொரு வாசலிலும் நின்றுவிட்டார். கோட்டையைவிட இதுதான் அவருக்குப் பிடித்தது, எனக்கும்தான்.

சார்லஸ் பாலத்தில் ஒரே கூட்டம், சீக்கிரம் கடந்துவிட்டோம்.

ஐயா, இது உங்கள் கண்ணில் படப்போவதில்லை. இருந்தாலும் மிக்க நன்றி. அம்மா ஒரு படிகூட ஏறவில்லை.