தேக்கா கடைவீட்டைத் தூக்கி நிறுத்தியவர்களுக்கு நன்றி

சிங்கப்பூர் லிட்டில் இந்தியா வட்டாரத்தின் தேக்காவில் எங்கள் தாத்தா மளிகைக்கடை நடத்திய கடைவீடு, மராமத்து வேலைகள் முடிந்து இந்தத் தை மாதம் மறுபடி திறந்துவிட்டது. கீழே கடை. மாடியில் பரதநாட்டிய வகுப்பும் மிருதங்க வகுப்பும். வந்து பார்ப்பவர்கள் எங்கள் குடும்பத்தைப் பாராட்டிவிட்டுப் போகிறார்கள். அந்தப் பாராட்டு போய்ச் சேர வேண்டியவர்கள் வேறு. அவர்களுக்காகத்தான் இந்த மடல். சிலர் பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் யாருடைய பெயரையும் போடவில்லை. படித்தால் உங்களுக்கே தெரியும்.

முதலில் எங்கள் கட்டடக் கலைஞர் அக்காவுக்கு. லிட்டில் இந்தியா 1989-ல் பழைய கட்டடங்களைக் காக்கும் பாதுகாப்பு வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. இங்குள்ள பழைய கடைவீட்டின் முகப்பையோ கூரையையோ பக்கத்து வீட்டோடு பகிரும் பொதுச்சுவரையோ உரிமையாளர் இஷ்டப்படி இடித்துவிட முடியாது. இருப்பதை முடிந்தவரை விட்டுவைக்க வேண்டும், போனதைப் பழைய முறை அறிந்து மீட்க வேண்டும், பழுதைக் கவனமாகச் சரிசெய்ய வேண்டும் என்கிறது நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் விதி. ஆனால் இந்த மரச்சட்டம் இருக்கட்டுமா, அந்தப் பலகை போகட்டுமா என்று ஒவ்வொன்றாக முடிவெடுக்க ஒரு ஆள் வேண்டுமே! சன்னல்களையெல்லாம் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிதாக மாட்டினால் செலவு குறையும் என்றுதான் எங்களுக்கு வந்த விலைப்புள்ளிகள் சொல்லின. அக்கா ஒவ்வொரு சன்னலையும் திறந்து மூடிப் பார்த்தார். கரையான் அரித்த பகுதியை மட்டும் அறுத்து எடுத்துவிட்டு, அதே வகை மரத்தில் ஒட்டுப்போட்டால் போதும் என்று நின்றுவிட்டார். முகப்பில் பெயிண்டை அடுக்கடுக்காகச் சுரண்டி, அடியிலிருந்த வெளிர்நீலத்தைக் கண்டுபிடித்ததும் அவர்தான். அக்கா, அந்த நிறத்தைப் பார்த்து எங்கள் பெரியத்தை அழுதது உங்களுக்கு நினைவிருக்கும்.

ஆணையத்திலிருந்து வந்து பார்த்த இளம் அதிகாரிக்கும் நன்றி. நடு முற்றத்தை மூடி அறையாக்கினால் இடம் கிடைக்குமே என்று உறவினர்கள் பலரும் யோசனை சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது. அவர் விதிமுறைப் புத்தகத்தை நீட்டவில்லை. இரண்டு பக்கமும் பொதுச்சுவர், வெளிச்சம் வர வழியே இல்லாத நீண்ட வீடு, சூடான காற்று மேலேறிப் போக இந்த முற்றம் ஒன்றுதான் வாய் என்று நின்று விளக்கினார். முற்றம் அப்படியே இருக்கிறது. மழைத்தண்ணீர் வடிய மட்டும் புதிய வழி செய்திருக்கிறோம். ஏர்கான் பெட்டிகள் பின்பக்கம் போய்விட்டன, முகப்பில் ஒன்றுகூடக் கண்ணில் படாது.

அப்புறம், கொத்தனார் அண்ணன். இவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கீழ்த்தளச் சுவர்களில் இடுப்பளவுக்கு ஓதம் ஏறியிருந்தது. அந்தக் காலச் செங்கல் சுவர்களில் நிலத்து ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு கிடையாது. ஈரம் ஏறும், சுண்ணாம்புப் பூச்சு வழியே மெல்ல ஆவியாகிவிடும். இடையில் எப்போதோ யாரோ சிமெண்ட் பூசி எண்ணெய்ப் பெயிண்டும் அடித்துவிட்டதால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, உப்புப் பூத்து, செங்கல் மாவாக உதிர்ந்துகொண்டிருந்தது. சிவகங்கைப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த அண்ணன், தட்டிப் பார்த்தே எது சிமெண்ட், எது பழைய காரை என்று சொன்னார். சிமெண்ட்டைக் கொத்தி எடுத்தபின், சுவர் காயும்வரை யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார். எல்லோருக்கும் அவசரம். அவர் மட்டும் அசையவில்லை. சுவரை நன்றாகக் காயவிட்டுத்தான் சுண்ணாம்புக் கலவையை மெல்லிய பூச்சுகளாக ஏற்றினார். ஈரம் வெளியேற விடும் பெயிண்டைத்தான் அதன்மேல் அடித்தோம். சுவர் இன்று உலர்ந்து இருக்கிறது.

இந்தக் கைவேலைக்கு இந்தத் தீவில் பழைய சரித்திரம் உண்டு. 1862-ல் அருட்பொழிவு செய்யப்பட்ட செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள். சிப்பிச் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் தேங்காய் மட்டை ஊறிய தண்ணீரும் சேர்த்துக் குழைத்த மெட்ராஸ் சுண்ணாம்பைத்தான் அவர்கள் அதன் சுவர்களில் பூசினார்கள். நம் ஊர்க் கைப்பழக்கம் இந்த நகரத்தின் சுவர்களிலேயே இருக்கிறது. அண்ணா, நீங்கள் அந்த வரிசையில் வருகிறவர். விடுதியிலிருந்து விடியற்காலையில் லாரி ஏறி வந்து எங்கள் வீட்டைக் காப்பாற்றினீர்கள். எங்கள் வாசலில் ஒரு பெயர்ப்பலகை வைத்தால் உங்கள் பெயர் முதலில் இருக்க வேண்டும்.

உங்களோடு சாரத்தில் நின்ற தம்பிகளுக்கும், மாடிப்படியைப் பிரித்து அதே பலகைகளை வைத்தே மறுபடி கோத்துத் தந்த பங்களாதேஷ் தச்சருக்கும் அதே நன்றி. கூரை ஓடுகளை ஒவ்வொன்றாக இறக்கி, விரிசல் விட்டவற்றைக் கழித்து, நல்லவற்றைக் கூரையின் தெருப்பக்கச் சரிவில் மறுபடி அடுக்கினார்கள். அடியில் நீர் புகாத விரிப்பு இருப்பது வெளியே தெரியாது.

பொறியாளர் தம்பிக்கு நாங்கள் கொடுத்தது தலைவலி பிடித்த வேலை. மூட்டை அடுக்கிய மாடி எடையைத் தாங்கும், சரி. ஆனால் பிள்ளைகள் வரிசையாக நின்று ஒரே தாளத்தில் பாதத்தைத் தரையில் தட்டும் தட்டடவு போட்டால் என்ன ஆகும்? அதிலும் குதித்து ஆடும் குதித்து மெட்டு அடவு? அசையாமல் கிடக்கும் பாரமும் தாளத்தோடு விழும் பாரமும் ஒன்றில்லை என்று அவர் வரைந்து காட்டினார். வயதான பொதுச்சுவரில் மேலும் சுமை ஏற்ற மறுத்து, உள்ளே தனியாக இரும்புத் தூண்களும் உத்திரங்களும் நிறுத்தி, பழைய மரத்தளத்தின் எடையை அவற்றுக்கு மாற்றினார். தளத்துக்கு அடியில் தீயையும் சத்தத்தையும் தடுக்கும் பலகைகள். நட்டுவாங்கம் தட்டும் ஆசிரியையை வெறும் மாடிக்கு வரச்சொல்லி, ஆடவைத்து, அதிர்வை அளந்து பார்த்தது எங்களுக்கு மிகவும் பிடித்தது. ஆடுகிறவரையே கேட்டுவிட்டுத் தளம் அமைத்த பொறியாளர் எத்தனை பேர் இருப்பார்கள்?

வலப்பக்கக் கடை அங்கிள், சுவரில் விரிசல் அளக்கும் கருவியை உங்கள் பக்கத்திலும் ஒட்ட விட்டீர்கள். பூக்கடை அக்கா, மல்லிகையில் தூசி படிந்த நாள்களில்கூட எங்களிடம் முகம் சுளிக்கவில்லை. தீபாவளிக் கூட்ட நேரத்தில் கொத்து வேலையை நிறுத்தி வைத்ததற்கு நீங்கள் நன்றி சொன்னீர்கள். சொல்ல வேண்டியவர்கள் நாங்கள்.

மாடியில் ஒரு காலத்தில் குடியிருந்தவரின் மகள், தன் பெற்றோரின் கல்யாணப் படத்தைக் கொடுத்து உதவினார். ஐந்தடி நடைபாதையில் நின்று எடுத்த படம். மணமக்களுக்குப் பின்னால் வாசலின் அரைக்கதவு தெளிவாகத் தெரிகிறது. அதைப் பார்த்துத்தான் காணாமல்போன கதவை மறுபடி செய்தோம். அம்மா, அந்தப் படம் இல்லையென்றால் நாங்கள் ஏதோ ஒரு கதவைத்தான் மாட்டியிருப்போம்.

சிங்கப்பூரில் இன்று 7,200-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் பாதுகாக்கப்படுகின்றன. பழைய உச்ச நீதிமன்றமும் நகர மண்டபமும் சேர்ந்து 2015-ல் தேசியக் கலைக்கூடமாகத் திறந்தபோது நாங்களும் பெருமைப்பட்டோம். ஆனால் மார்க்கெட் ஸ்திரீட்டில் செட்டியார்கள் கணக்கெழுதி வட்டிக்கடை நடத்திய கித்தங்கிகள் இன்று இல்லை, அங்கே உயர்ந்த அலுவலகங்கள்தான் நிற்கின்றன. அதை நினைத்தால் மனம் கனக்கிறது. வெளிமுகத்தை வைத்துக்கொண்டு உள்ளே குடைந்தெடுத்த கடைவீடுகளைப் பார்த்தாலும் அப்படித்தான். எங்கள் வீட்டுக்கு அது நேராததற்குக் காரணம், எதைத் தொடக் கூடாது என்று தெரிந்தவர்கள் எங்களுக்கு வாய்த்ததுதான்.

வகுப்புகள் சனி, ஞாயிறு நடக்கின்றன. வேலை செய்த அண்ணன் தம்பிகள் எல்லோரும் உங்கள் விடுமுறை ஞாயிற்றுக்கிழமைகளில் எதுவும் சொல்லாமலேயே வரலாம். மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான். அம்மா சமைக்கிறார். நண்பர்களையும் கூட்டி வாருங்கள்.

அன்புடனும் நன்றியுடனும்,
கடைவீட்டுக் குடும்பத்தார்,
தேக்கா, சிங்கப்பூர்