பெயர் தெரியாத அந்த இரவுப்பணிச் செவிலியருக்கு

1982-இல் பிரிட்டனுக்கும் அர்ஜென்டினாவுக்கும் நடந்த ஃபாக்லாந்து தீவுப் போரில் குளிரைத் தாங்கிய நான், சென்ற மாதம் நிமோனியாவுடன் மருத்துவமனைத் தாழ்வாரத்தில், தள்ளுகட்டிலில் 11 மணி நேரம் கிடந்தேன். பணி முடிந்து மேலங்கி அணிந்து புறப்பட்ட நீங்கள், என் காலுறை நனைந்திருப்பதைக் கண்டு திரும்பி வந்து, அதைக் கழற்றி வேறொன்று மாட்டிவிட்டீர்கள். மறதி நோயுள்ள என் மனைவி வீட்டில் தனியாக இருப்பதை அறிந்ததும், நான் கேட்காமலேயே லீட்ஸ் நகரிலுள்ள என் மகளை அழைத்து, அவள் காரில் ஏறும்வரை பேசிக்கொண்டிருந்தீர்கள். வீட்டைச் சூடாக்கத் தரும் குளிர்கால எரிபொருள் உதவித்தொகையை 2024-இல் முதியோர் பெரும்பாலோருக்கு நிறுத்திய அரசையும், அதற்குமுன் 14 ஆண்டுகள் ஆண்டவர்களையும் ஒருசேரத் திட்டிக்கொண்டிருந்த என்னிடம் (என் வழக்கம் அது), "முதலில் தேநீரைக் குடியுங்கள், ஐயா" என்றீர்கள். 1948-இல் பிரதமர் அட்லியின் அரசு தொடங்கிய, பிரிட்டனின் பொது மருத்துவ அமைப்பான தேசிய சுகாதாரச் சேவையை அன்றிரவு உங்கள் கைகளில்தான் கண்டேன். உங்கள் பெயர்ப்பட்டை மேலங்கிக்குள் மறைந்திருந்தது. இதைப் படித்தால், அந்தக் காலுறை இன்னும் என்னிடம் இருக்கிறது என்று அறியுங்கள். மிக்க நன்றி.