ஆண்டறிக்கை: ஒரு மங்கலான இரட்டை விண்மீனோடு ஓராண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, சங்கத்தின் அன்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நிர்வாக விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். மாதக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. தொலைநோக்கியின் ஆடியைக் கழற்றிச் சுத்தம் செய்து மறுபடி ஒழுங்குபடுத்தியாயிற்று. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வைக்கிறார். நூலகப் புத்தகங்களைத் திருப்பித் தராதவர்களை இங்கே பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் விட்டுவிடுகிறேன்.

இனி முக்கிய விஷயம். சனியும் வியாழனும் பார்த்தது போதும், ஒரே ஒரு விண்மீனை ஆண்டு முழுக்கத் தொடர்வோம் என்று சென்ற பொதுக்குழுவில் தீர்மானம் போட்டோம். டிராகோ விண்மீன் குழுவில் இருக்கும் சி.எம். டிராகோனிஸைத் தேர்ந்தெடுத்தோம். அப்போது எழுந்த முணுமுணுப்பு இன்னும் முழுசாக அடங்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அதில் நியாயமும் இருக்கிறது. அதன் பிரகாசம் 12.9 மேக்னிட்யூடு, அதாவது வெறும் கண்ணுக்கு எட்டும் எல்லையைவிட 500 மடங்குக்கும் மேல் மங்கல். இரட்டை விண்மீன் என்று ஆசையாக வந்து பார்ப்பவருக்கு ஒரே ஒரு சிவந்த புள்ளிதான் தெரியும். இரண்டுக்கும் உள்ள இடைவெளி நம் கண்ணில் ஓர் ஆர்க்செகண்டின் (ஒரு பாகையில் 3,600-இல் ஒரு பங்கு) ஆயிரத்தில் ஒரு பங்கு சுமாருக்குத்தான் வரும். எந்தச் சங்கத்தின் தொலைநோக்கியும் அதைப் பிரித்துக் காட்டாது.

பிறகு ஏன் இதை எடுத்தோம்? இந்த இரட்டையில் இருப்பவை இரண்டும் சிவப்புக் குறுமீன்கள், அதாவது சூரியனைவிடச் சிறிய, குளிர்ந்த விண்மீன்கள். அவை சுற்றும் தளம் நமக்கு ஏறக்குறைய விளிம்பில் தெரிகிறது. அதனால் ஒன்றை ஒன்று மறைக்கிறது. இந்த மறைப்பை 1967-இல் எக்கன், சாண்டேஜ் என்ற வானியலாளர்கள் அறிவித்தார்கள். 1977-இல் லேசி முழுமையான பகுப்பாய்வை வெளியிட்டார். வானத்தில் சிவப்புக் குறுமீன்களுக்குப் பஞ்சமே இல்லை, ஆனால் அவற்றில் பெரும்பாலானவற்றின் நிறையையும் ஆரத்தையும் ஏதாவது ஒரு கோட்பாட்டைக் கொண்டுதான் ஊகிக்கிறார்கள். இங்கே எந்தக் கோட்பாட்டையும் கேட்காமல் நேரடியாக அளக்கலாம். இந்த வகை விண்மீன்களுக்கு இது ஓர் உரைகல்.

சுற்றுக்காலம் 1.268 நாள், அதாவது 30 மணி 26 நிமிடம். ஒரு சுற்றில் இரண்டு மறைப்பு. ஓர் இரவு 9 மணிக்கு நடுமறைப்பு என்றால் அடுத்தது மறுநாள் பகல் 12 மணிக்கு மேல் நடந்து வீணாகும். அதற்கடுத்தது அன்றிரவு கழிந்து அதிகாலை மூன்றரைக்கு வரும். கண்காணிப்பு அட்டவணையில் தூக்கம் கெட்டவர்கள் என்னைத் திட்ட வேண்டாம், கெப்ளரிடம் கேளுங்கள்.

இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு, ஒரே வெப்பநிலை (3,100 கெல்வின் சுமார்). அதனால் மறைப்பின் நடுவில் மொத்த ஒளியில் பாதிக்குச் சற்றுக் குறைவாக இழக்கிறோம். பக்கத்து ஒப்பீட்டு விண்மீன்களோடு வைத்து அளந்தபோது நம் ஒளி வளைகோட்டில் (நேரத்துக்கு நேரம் பிரகாசம் மாறுவதைக் காட்டும் வரைபடத்தில்) பள்ளம் நன்றாகவே விழுந்தது. அடிப்பகுதி தட்டையாக இல்லை, கூர்மையாக இருந்தது. தொடக்கம் முதல் முடிவு வரை ஒன்றேகால் மணி நேரம்.

நம் மாணவர் பிரிவு செய்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். விண்மீனின் வேகத்தை அளக்க அதன் ஒளியை நிறங்களாகப் பிரித்து நிறமாலை எடுக்க வேண்டும். அந்த வசதி நம்மிடம் இல்லை, அதனால் வேகங்களை வெளியான ஆய்வுகளிலிருந்து எடுத்துக்கொண்டோம்: ஒன்று நொடிக்கு 72 கிலோமீட்டர், மற்றொன்று 78. கூட்டினால் ஒன்றைச் சார்ந்து மற்றொன்றின் வேகம் 150. ஒரு மாணவி பலகையில் 75 நிமிடத்தை நொடியாக்கி 4,500 என்று எழுதினார், 150-ஆல் பெருக்கினார், 6,75,000 கிலோமீட்டர் வந்தது. இது என்ன என்று கேட்டதும் கொஞ்ச நேரம் யாரும் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் பின்வரிசையிலிருந்து பதில் வந்தது: இரண்டு விண்மீன்களின் விட்டங்களையும் கூட்டிய தொகை. பாதியாக்கி, சூரியனின் ஆரமான 6,96,000-ஆல் வகுத்தால் 0.485. வெளியான ஆய்வுகளின்படி ஒன்றின் ஆரம் சூரியனில் 0.25, மற்றொன்று 0.24. கூட்டிப் பாருங்கள். ஒரு கேமராவும் கடிகாரமும் பெருக்கல் வாய்ப்பாடும் கொண்டு 48 ஒளியாண்டு தள்ளியிருக்கும் விண்மீனின் அளவைச் சொல்லிவிட்டார்கள்!

நிறைக்கும் இதே வேகங்கள்தான். எது மெதுவாகச் சுற்றுகிறதோ அதுவே கனம். சுற்றுக்காலத்தையும் சேர்த்தால் சூரியனில் 0.23, 0.21 பங்கு என்று வருகிறது. இரண்டுக்கும் இடையே சுமார் 26 லட்சம் கிலோமீட்டர், பூமிக்கும் நிலவுக்கும் உள்ளதைப் போல ஏழு மடங்குகூட இல்லை. பெரியவரின் குறுக்களவு வியாழனைப் போல இரண்டரை மடங்குதான், நிறையோ 230 வியாழன்களுக்கு மேல். சராசரி அடர்த்தியைக் கணக்கிட்டால் தங்கத்தை ஒட்டி வருகிறது, ஆனாலும் உள்ளே முழுக்க வாயுதான். இரண்டும் சேர்ந்து வெளியிடும் ஆற்றல் சூரியனில் நூறில் ஒரு பங்கு. இந்தச் சிக்கனத்தால்தான் இவற்றின் ஆயுள் சூரியனைவிடப் பன்மடங்கு நீளம்.

இங்கேதான் உறுத்தலும். கோட்பாடு சொல்லும் ஆரத்தைவிட அளந்த ஆரம் சில சதவீதம் கூடுதலாக இருக்கிறது. நிறை சூரியனில் 0.35 பங்குக்குக் கீழே இருப்பதால் மையம் முதல் மேற்பரப்பு வரை வெப்பச்சலனம் மட்டுமே நடக்கும், இவ்வளவு எளிமையான விண்மீனில் கணக்கு தவறக் கூடாது. பக்கத்திலேயே சுற்றுவதால் ஓதவிசை (ஒன்றின் ஈர்ப்பு மற்றொன்றை இழுத்து நீட்டும் விசை) இரண்டின் சுழற்சியையும் சுற்றுக்காலத்தோடு பூட்டிவிட்டது. அதாவது 1.27 நாளுக்கு ஒரு சுழற்சி. வேகமான சுழற்சியால் வலுவான காந்தப்புலம், அதனால் மேற்பரப்பில் கரும்புள்ளிகள், வெப்பம் வெளியேறத் தடை, அதனால் ஊதிப்போகிறது என்பது ஒரு விளக்கம். வேதிக் கலவையைக் காரணம் காட்டுவோரும் உண்டு. முதல் விளக்கத்தின் பக்கம்தான் நான் சாய்கிறேன். அதற்குக் காரணம் நாமே பார்த்த ஒரு நிகழ்ச்சி.

ஓர் இரவு மறைப்பு முடிந்து ஒளி சமநிலைக்கு வந்த பிறகு, திடீரென ஒரு படத்தில் பிரகாசம் எகிறியது, அடுத்தடுத்த படங்களில் மெதுவாக இறங்கியது. மேகம் விலகியிருக்கும் என்றார் ஒருவர். மேகம் விலகினால் ஒப்பீட்டு விண்மீன்களும் கூடவே ஏறியிருக்க வேண்டுமே, அவை அசையவில்லை. ஏற்றம் விரைவாகவும் இறக்கம் நிதானமாகவும் இருப்பது காந்த ஆற்றல் வெடித்து வெளியேறும் ஃபிளேரின் அடையாளம். அன்று கேமரா முன் இருந்தவர்கள் கணினியைச் சுற்றி நின்று வாதாடியதை மற்றவர்கள் தவறவிட்டது வருத்தம்தான். 2018-இல் ஏவப்பட்ட, கோள் தேடும் டெஸ் விண்கலமும் இந்த இரட்டையில் ஏராளமான ஃபிளேர்களைப் பதிவு செய்திருக்கிறது.

இந்த இரட்டையிலிருந்து 26 ஆர்க்செகண்ட் தள்ளி ஒரு வெண்குறுமீன் (எரிபொருள் தீர்ந்து குளிர்ந்துவரும் விண்மீனின் எச்சம்) இதே திசையில், இதே வேகத்தில் கூடவே நகர்கிறது. அது குளிர்ந்த அளவை வைத்துத்தான் குடும்பத்துக்கே வயது சொல்கிறார்கள். 400 கோடி ஆண்டு என்பது ஒரு மதிப்பீடு, அதைப் போல இரு மடங்கு என்பது இன்னொன்று. ஊதிப்போன ஆரத்துக்கு எவ்வளவு விளக்கம் தேவை என்பதும் இந்த வயதைப் பொறுத்தது.

வரும் ஆண்டுக்கான திட்டம் ஒன்றே. இந்தப் பாதை முழு வட்டமாக இல்லை, மையப்பிறழ்வு (வட்டத்திலிருந்து எவ்வளவு விலகியது என்ற அளவு) சுமார் 0.005. இத்தனை நெருங்கிய இரட்டையின் பாதையை ஓதவிசை எப்போதோ வட்டமாக்கியிருக்க வேண்டும். மூன்றாவது பொருள் ஏதேனும் இழுக்கிறதா என்று சந்தேகிக்கிறார்கள். 1990-களில் இங்கே கோள் தேடினார்கள், உறுதியாக ஒன்றும் சிக்கவில்லை. அதனால் இரண்டாம் மறைப்பு இரண்டு முதல் மறைப்புகளுக்கு நட்டநடுவில் விழாமல் சற்றுத் தள்ளி விழுவதை நாமும் அளந்து பார்க்க வேண்டும். பூமி சூரியனைச் சுற்றுவதால் வரும் காலத் திருத்தம் இந்தத் திசைக்கு இரண்டு நிமிடத்தைத் தாண்டாது என்றாலும், எல்லோரும் அதைச் சேர்த்தே நேரத்தைப் பதிவேட்டில் எழுதுங்கள்.

அதிகாலை மறைப்புகளுக்கு ஆள் போதவில்லை. விருப்பமுள்ளவர்கள் இன்றே கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுக்கலாம். இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்