சிதறிப்போனவர்கள் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

சபையும் சுவிசேஷமும் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் ஒரு வரி நெருடியது. எருசலேமில் துன்பம் வந்தபோது இயேசுவின் முதன்மைச் சீடர்களான அப்போஸ்தலர்கள் நாலாபுறமும் சிதறிப்போய்ச் சுவிசேஷத்தைப் பரப்பினார்கள் என்று இருந்தது. பைபிளில் அப்போஸ்தலர் நடபடிகள் 8:1 சொல்வது இதற்கு நேர்மாறு. அப்போஸ்தலர்களைத் தவிர மற்ற எல்லாரும் சிதறினார்கள். அப்போஸ்தலர்கள் எருசலேமிலேயே இருந்துவிட்டார்கள். ஊர் ஊராகப் போய் வசனத்தைச் சொன்னவர்கள் சாதாரண விசுவாசிகள்.

சின்னப் பிழைதானே என்று விட்டுவிட மனம் வரவில்லை. அதே புத்தகத்தின் 11ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். சிதறியவர்களில் சீப்புரு தீவாரும் சிரேனே பட்டணத்தாருமான சிலர் அந்தியோகியாவுக்கு வந்து கிரேக்கரிடம் பேசினார்கள். சபை உண்டாயிற்று. அவர்கள் யார் யார் என்று பெயர் இல்லை. அப்புறம் பர்னபாவையும், பவுல் என்று நாம் அறிகிற சவுலையும் ஊழியத்துக்கு அனுப்பி வைத்ததே அந்தச் சபைதான். பவுலின் பயணங்களை வரைபடம் போட்டுப் படிக்கிற நாம், அதற்கு முன்னால் நடந்த இந்தப் பெயர் தெரியாதவர்களின் பயணத்தை மறந்துவிடுகிறோம். மறந்ததால்தான் "அது பாஸ்டர் வேலை, நாங்கள் மிஷனெரிக்குக் காணிக்கை அனுப்பிவிடுகிறோம்" என்று சொல்ல முடிகிறது.

இன்னொன்று. உபதேசத்தைக் காப்பது சபையின் வேலை, வெளியே போய்ச் சொல்வது ஊழிய அமைப்புகளின் வேலை என்று கட்டுரையாளர் பிரிக்கிறார். எனக்கு அது சரியாகப் படவில்லை. சபை "சத்தியத்துக்குத் தூணும் ஆதாரமும்" என்று பவுல் எழுதியது எபேசு பட்டணத்தில் இருந்த தன் உடன் ஊழியர் தீமோத்தேயுவுக்கு. அங்கே இருந்த தியானாள் தேவியின் கோவிலுக்கு 127 தூண்கள் என்று ரோம எழுத்தாளர் பிளினி குறித்து வைத்திருக்கிறார். தூண் எதற்கு என்று அந்தப் பட்டணத்தாருக்கு யாரும் விளக்கியிருக்க வேண்டியதில்லை. கூரையைத் தாங்குவதும் அதை ஊர் பார்க்க உயர்த்திக் காட்டுவதும் ஒரே தூண்தானே.

என் அனுபவமும் அதுதான். சபையில் வாலிபப் பிள்ளைகளுக்குப் பல வருடங்களாக வகுப்பு எடுக்கிறேன். ஒருநாள், சபைக்கே வராத நண்பன் ஒருவனுக்குச் சொல்வதுபோல நான்கு வாக்கியத்தில் சுவிசேஷத்தைச் சொல்லுங்கள் என்றேன். ஒருவன் அம்மாவுக்கு நோய் சுகமானதைச் சொன்னான். ஒருத்தி பரீட்சையில் பாஸானதைச் சொன்னாள். இரண்டும் நல்ல சாட்சிகள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் கிறிஸ்து நம் பாவங்களுக்காக மரித்தார், அடக்கம்பண்ணப்பட்டார், மூன்றாம் நாளில் எழுந்தார் என்று 1 கொரிந்தியர் 15இல் இருக்கிற அந்த மூன்று விஷயம் யார் வாயிலும் வரவில்லை. மனப்பாட வசனப் போட்டியில் பரிசு வாங்கிய பிள்ளைகள் இவர்கள்! தப்பு என்னுடையதுதான். உள்ளே வைத்துப் பத்திரமாகக் கற்றுக்கொடுத்தேன், ஒருவரிடமும் சொல்ல வைக்கவில்லை. இப்போது வாரம் ஒருவர் எழுந்து சொல்ல வேண்டும், மற்றவர்கள் குறுக்குக் கேள்வி கேட்கலாம் என்று வைத்திருக்கிறேன். உபதேசம் அவர்களுக்குள் தெளிவாக ஆரம்பித்ததே அதற்குப் பிறகுதான்.

பரப்புவது என்றாலே ஆசை காட்டுவதும் பயமுறுத்துவதும் என்று நினைப்பவர்கள் உண்டு. கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடு பதில் சொல்லுங்கள் என்றுதான் பேதுரு எழுதினார். அதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

அந்த வரிக்கு அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுவீர்களா? வசன எண்ணையும் சேர்த்தே போடுங்கள். எங்கள் வகுப்பில் இப்போது எல்லாவற்றையும் சரிபார்த்துத்தான் படிக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர் ஒருவர்