எழுந்ததும் அசையாதே

அன்புள்ள தம்பிக்கு,

போன வாரம் பேசும்போது, "இப்பல்லாம் எனக்குக் கனவே வர்றதில்லைண்ணே" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குத் தாவிவிட்டாய். எனக்கு அது மனசிலேயே நின்றுவிட்டது. ஏறக்குறைய ஆறு வருஷம் நானும் அப்படித்தான் இருந்தேன். சின்ன வயதில் எழுந்ததும் எழாததுமாக நான் கனவை அளக்க ஆரம்பிப்பேன், நீ காதைப் பொத்திக்கொள்வாய். (அடுத்தவர் கனவைக் கேட்பது எவ்வளவு அலுப்பு என்று இப்போதுதான் புரிகிறது.) அப்படி இருந்தவனுக்கு, விளக்கை அணைப்பதற்கும் அலாரம் அடிப்பதற்கும் நடுவில் ஒன்றுமே இல்லாமல் போயிற்று.

உனக்குக் கனவு வராமல் இல்லை. வந்தது தங்கவில்லை, அவ்வளவுதான். 1953இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் அசெரின்ஸ்கியும் கிளெய்ட்மனும் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. தூங்குகிறவர்களின் கண்கள் மூடிய இமைக்குள் வேகமாக உருளும் நேரம் பார்த்து 27 முறை எழுப்பிக் கேட்டார்கள். 20 முறை விவரமான கனவு கிடைத்தது. கண் அசையாத நேரத்தில் எழுப்பிய 23 முறையில் 19 முறை ஒன்றுமே நினைவில்லை. கனவில் இருக்கும்போதே விழிப்பு வர வேண்டும், விஷயம் அதுதான்.

கண் உருளும் இந்தக் கனவுத் தூக்கம் சுமார் 90 நிமிடத்துக்கு ஒருமுறை வந்து போகும். முதல் சுற்றில் சில நிமிடங்கள்தான். விடியலை நெருங்க நெருங்க நீண்டுகொண்டே போகும். பின்னிரவில் படுத்து அலாரத்துக்கு எழுகிறவன் வெட்டி எறிவது இந்தக் கடைசிப் பகுதியைத்தான். நான் செய்ததும் அதுதான். குடியும் முன்னிரவுக் கனவுத் தூக்கத்தைக் குறைக்கும். மனச்சோர்வுக்குத் தரும் மாத்திரைகள் பலவும் அப்படியே. அதற்காக எந்த மாத்திரையையும் நீயாக நிறுத்தித் தொலைக்காதே, டாக்டரிடம் கேள்.

எனக்குத் திரும்பி வந்தது ஒரு நீண்ட விடுமுறையில். அலாரம் இல்லை. ஒரு நாள் விழிப்பு வந்தது, வழக்கம்போல கை போனைத் தேடிற்று. திரையில் வெளிச்சம் வந்த அந்த நொடியில் ஏதோ ஒன்று நழுவியது தெரிந்தது. அதுவரை எதுவும் இருந்ததாகவே தெரியாது, நழுவும்போதுதான் இருந்ததே தெரிகிறது! மறுநாளிலிருந்து போனை அடுத்த அறையில் வைத்தேன். விழித்ததும் கண்ணைத் திறக்காமல், புரளாமல், எந்தப் பக்கம் சாய்ந்து கிடந்தேனோ அப்படியே கிடந்தேன். முதல் நாள் கிடைத்தது ஒரே ஒரு சொல்: படிக்கட்டு. அதை நோட்டில் எழுதினேன். அடுத்த நாள் காரணமில்லாத ஒரு அவசரம் மட்டும். சரி, அதையும் எழுதினேன்.

ஒன்பதாம் நாள் படிக்கட்டு திரும்ப வந்தது. கைப்பிடியின் உரிந்த பெயிண்ட் உள்ளங்கையில் ஒட்டுகிறது. நானும் நீயும் ஒரு பீரோவைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறோம். ஒவ்வொரு மாடியிலும் "இன்னும் ஒண்ணுதான்ணே" என்கிறாய். கடைசியில் இருந்துதான் பிடிபட்டது. பீரோ முதலில், அப்புறம் நீ, அப்புறம் மாடிகள். வாலைப் பிடித்தால் பின்னாலேயே மீதி வரும்.

என்ன அர்த்தம் என்று தேடிக்கொண்டு உட்காராதே. நான் தேடவில்லை, எனக்கு அதில் நம்பிக்கையும் இல்லை. ஒரு நோட்டும் பேனாவும் தலைமாட்டில் இருந்தால் போதும். இந்த ஞாயிற்றுக்கிழமை அலாரம் வைக்காமல் தூங்கு. ஒரு சொல்தான் கிடைத்தது என்றாலும் அதை எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்