திமிங்கிலப் பித்தைப் பொறுத்துக்கொண்டவர்களுக்கு நன்றி

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

சாம்பல் நிற சீல்கள் என்னும் கடல் பாலூட்டிகளைப் பற்றிய என் முதுகலை ஆய்வேடு ஏற்கப்பட்டுவிட்டது. அதில் நன்றி சொல்ல அரைப் பக்கம்தான் கொடுத்தார்கள். எனக்கு அது போதவில்லை.

முதல் நன்றி, ஸ்காட்லாந்தின் மே தீவுக்கு என்னைக் கூட்டிப்போனவர்களுக்கு. ஃபோர்த் கழிமுகத்தின் வாயிலில் இருக்கும் சின்னத் தீவு அது. இலையுதிர் காலத்தில் சீல்கள் அங்கே கரையேறிக் குட்டி போடும். பிறக்கும்போது குட்டி சுமார் 14 கிலோ. தாய்ப்பாலில் பாதிக்கு மேல் கொழுப்பு என்பதால் நாளுக்கு ஏறக்குறைய 2 கிலோ கூடி, பதினெட்டு நாளில் 40 கிலோவைத் தாண்டிவிடும். அத்தனை நாளும் தாய் இரை தேடிப் போவதில்லை. தன் உடம்புக் கொழுப்பைக் கரைத்தே ஊட்டுகிறது. இதெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டு போனதுதான். ஆனால் நாங்கள் ஒளிந்திருந்து பார்க்கும் பலகை மறைவின் இடுக்கு வழியே, ஈரம் காயாத மஞ்சளேறிய வெள்ளை ரோமத்தோடு ஒரு குட்டி தலை தூக்குவதையும், தாய் அதன் மூக்கோடு மூக்கு வைத்து மோந்து பார்ப்பதையும் கண்டபோது என் கை நடுங்கியது. பக்கத்தில் இருந்த மூத்த ஆய்வாளர் பேசாமல் தன் தொலைநோக்கியை என்னிடம் நீட்டினார். அவர் இதை எத்தனையோ பருவம் பார்த்தவர். அப்படியும் அன்று எனக்காக விட்டுக்கொடுத்தார். அதை மறக்க மாட்டேன்.

செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தின் கடல் பாலூட்டி ஆய்வுப் பிரிவில் என்னை வழிநடத்திய பேராசிரியருக்கு நன்றி. கழுத்தில் இருக்கும் கறைகளின் அமைப்பை வைத்து ஒரு தாய் சீலை ஆண்டுக்கணக்கில் அடையாளம் காணலாம் என்று படம் படமாக வைத்துச் சொல்லிக் கொடுத்தார். அலை எப்படி இருந்தாலும் எங்களைப் பத்திரமாகக் கரை சேர்த்த படகோட்டிகளுக்கும் நன்றி.

அப்புறம், கரையொதுங்கிய விலங்குகளை ஆராய்பவர்கள். 2023 ஜூலையில் ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில், டோல்ஸ்டா கடற்கரையில், 55 பைலட் திமிங்கிலங்கள் (டால்பின் குடும்பத்தைச் சேர்ந்தவை) ஒதுங்கின. ஏறக்குறைய எல்லாமே இறந்தன. அப்படி இறந்த ஒரு விலங்கை வைத்து எவ்வளவு தெரிந்துகொள்ள முடியும் என்பதை இவர்களிடம்தான் படித்தேன். பல்லை மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் வைத்தால், மரத்தின் வளையம் போல ஆண்டுக்கு ஓர் அடுக்கு தெரியும். எண்ணினால் வயது. குட்டைத் துடுப்பு பைலட் திமிங்கிலங்களில் குட்டி ஈனும் வயது கடந்த பிறகும் பெண்கள் பல ஆண்டுகள் வாழும் என்று ஆய்வாளர்கள் கண்டுபிடித்ததும் இந்த வயதுக் கணக்கின் உதவியால்தான். எனக்கு மிகப் பிடித்த செய்தி இது. பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

எங்கள் திருச்செந்தூர்க் கரையில் 2016 ஜனவரியில் ஒதுங்கியவையும் அந்தக் குட்டைத் துடுப்பு வகைதான். ஆலந்தலை முதல் மணப்பாடு வரை 80க்கும் மேல். ராத்திரியில் படகைக் கட்டி அவற்றை இழுத்துக் கடலில் விட்ட மீனவ அண்ணன்மாரே, மாமாமாரே, அவை திரும்பத் திரும்பக் கரைக்கு வந்தபோதும் நீங்கள் விடவில்லை. 40க்கும் மேல் செத்துப்போயின. ஆனாலும் உயிரோடு கடலுக்குப் போனவை உங்களால்தான் போயின. 1973லும் இதே கரையில் 147 ஒதுங்கியதைச் சொல்லி, “ஏன் வருதுன்னு நீ படிச்சிட்டு வந்து சொல்லு” என்று பள்ளிக்கூடப் பிள்ளையான என்னிடம் கேட்ட தாத்தாவுக்குத் தனி நன்றி. முழுப் பதில் இன்னும் யாரிடமும் இல்லை, தாத்தா. கூட்டத்தில் ஒன்று கரையில் சிக்கினால் மற்றவை பெரும்பாலும் அதை விட்டுப் போவதில்லை என்பது வரை சொல்ல முடியும்.

வருகிற ஜனவரியில் ஊருக்கு வருகிறேன். கரையில் கிடக்கும் திமிங்கிலத்தைக் குப்புறப் படுத்த வாக்கில் வைப்பது, மூச்சுத் துளைக்குள் தண்ணீரோ மணலோ போகாமல் பார்ப்பது, ஈரத்துணி போர்த்துவது, வாலில் கயிறு கட்டி இழுக்காமல் தார்ப்பாயில் ஏற்றி நகர்த்துவது என்று இங்கே எனக்குப் பயிற்சி கொடுத்தார்கள். மீன் ஏலம் முடிந்த பிறகு ஒரு சாயங்காலம் நேரம் ஒதுக்கித் தந்தீர்கள் என்றால், தார்ப்பாயோடு வந்து செய்து காட்டுகிறேன்.

அன்புடன்,
உங்கள் ஊர்ப் பிள்ளை